விண்ணப்பப் படிவம்தான் நம் ரெஸ்யூம்

பாகூர் கொம்யூனில் உள்ள ஒரு படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் உட்காருகிறோம். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் சான்றிதழ்க் கட்டோடு வருவார்கள். படிவம் நிரப்ப உதவுவோம். அண்மையில் பி.காம். முடித்த தங்கை ஒருத்தி வந்தாள். கையில் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அடித்து வாங்கிய மூன்று பக்க ரெஸ்யூம். ஓரமெல்லாம் வண்ணக் கட்டம். கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து இயங்குபவள், தலைமைப் பண்பு உள்ளவள் என்று ஆங்கிலத்தில் வரிவரியாக இருந்தது. "அண்ணா, அரசு வேலைக்கு இது போதுமா?" என்று கேட்டாள்.

பையில் வேறென்ன இருக்கிறது என்று கேட்டோம். எடுத்து வைத்தாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஓர் எழுத்து கூடிய பெயர். பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஆதிதிராவிடர், தாலுகா அலுவலகம் கொடுத்த சாதிச் சான்றிதழில் பறையர். அம்மா பிறந்தது ஆற்றுக்கு அக்கரையில், கடலூர் மாவட்டத்தில். தெருத் திருவிழாத் தகராறு ஒன்றில் அண்ணன் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது. அந்தத் தங்கையின் உண்மையான ரெஸ்யூம் அந்தப் பைக்குள்தான் இருந்தது. வண்ணக் கட்டம் போட்ட தாளை அரசுத் துறை எதுவும் அவளிடம் கேட்கப்போவதில்லை.

தனியார் நிறுவனம் ரெஸ்யூமைப் பார்த்து ஆளைக் கூப்பிடுகிறது. அரசுப் பணியில் விண்ணப்பப் படிவத்தின் கட்டங்கள்தான் ரெஸ்யூம். சொல் அலங்காரத்துக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் நாம் எழுதுவது உண்மையா, அதற்குத் தாள் இருக்கிறதா, அந்தத் தாள் குறித்த தேதிக்குள் வாங்கப்பட்டதா என்ற மூன்றைத்தான் பார்ப்பார்கள். மதிப்பெண் எடுத்த பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பில் வேலையை இழக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் தெருக்களில் அந்த இழப்புக்கு முக்கியமான காரணங்கள் நான்கு: பெயர், எல்லை, மதம், வழக்கு.

தாள் நமக்கு எதிரி இல்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். படிவத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மத்திய அரசின் கெஜட் பதிவு பெறாத பி பிரிவுப் பணிகளுக்கும் சி பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் கிடையாது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் சான்றிதழும்தான் கணக்கு. நேர்காணல் அறை நமக்கு எப்படிப்பட்ட இடமாக இருந்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். ஊர் எது, தெரு எது, அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விகள் எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். தாளுக்கு அந்தப் பார்வை இல்லை. அதைச் சரியாக நிரப்பினால் அது நம் பக்கம் நிற்கும்.

சான்றொப்பம் கேட்டு அதிகாரி வீட்டு வாசலில் நின்ற காலமும் பெரிதும் போய்விட்டது. மத்திய அரசு 2013-இலேயே சுயசான்றொப்பத்தை ஏற்கச் சொல்லிவிட்டது. நகலில் நாமே கையெழுத்திட்டால் போதும். அசலைச் சரிபார்ப்பின்போது காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் பட்டியல் சாதி மக்கள் 1,96,325 பேர், நூற்றுக்குப் பதினாறு பேருக்குச் சற்றுக் குறைவு. யூனியன் பிரதேசப் பணிகளில் நமக்கான ஒதுக்கீடு 16 விழுக்காடு. அந்தப் பதினாறும் நம் பிள்ளைகள் கையில் வந்து சேர வேண்டுமானால் படிவத்தின் கட்டங்களைத் தாண்டித்தான் வர வேண்டும்.

பெயர்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண் என்பதால் நம் பெயர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1881-இல் வந்த பிரெஞ்சு ஆணை ஒன்றின்படி, சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர விரும்பியவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை ஏற்க வேண்டியிருந்தது. தாத்தாவின் பிறப்புப் பதிவில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல், அப்பாவின் குடும்ப அட்டையில் தமிழ், பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் ஆங்கிலம் என்று ஒரே வீட்டில் ஒரே பெயர் மூன்று விதமாக நிற்பது இங்கே சாதாரணம்.

இதற்கு வழி ஒன்றுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் எல்லாம் அதற்கு ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதுகூட ஒன்றாக இருக்கட்டும். ஆதாரைத் திருத்துவது எளிது. பத்தாம் வகுப்புப் பெயரையே மாற்ற வேண்டுமென்றால் கெஜட்டில் அறிவிக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடிப் பயனில்லை.

சாதிப் பெயருக்கும் இதே கவனம் வேண்டும். புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் ஆணை 1964-இல் வந்தது. அதில் ஆதிதிராவிடர் தனிப் பெயர், பறையர் தனிப் பெயர், வள்ளுவர் தனிப் பெயர். எல்லாம் ஒன்றுதானே என்று நாம் பேச்சில் சொல்லலாம், படிவம் அப்படிச் சொல்லாது. தாசில்தார் கொடுத்த சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் எழுத வேண்டும். மத்திய அரசுப் பணி என்றால் அவர்கள் வகுத்த மாதிரிப் படிவத்தில்தான் சாதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். அந்த நகலை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

எல்லை

வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களைச் சுற்றி வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு சாலையில் போனால் புதுச்சேரி வரும், தமிழ்நாடு வரும், மறுபடி புதுச்சேரி வரும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. சட்டம் பார்க்கிறது. ஒருவர் எந்த மாநிலத்துப் பட்டியல் சாதி என்பது பிறப்பையும், ஆணை வந்த காலத்தில் குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதையும் பொறுத்தது. கல்யாணம் செய்து கொண்டு வந்து இருபது வருடம் பாகூரில் வாழ்ந்தாலும், கடலூர்ப் பக்கத்தில் பிறந்த பெண்ணின் சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டுச் சான்றிதழ்தான்.

இதில் நீதிமன்றங்களின் பாதையும் நேராக இல்லை. பிற மாநிலத்துப் பட்டியல் சாதியினரைப் புதுச்சேரி அரசு ஆசிரியர் பணிக்கு எடுத்ததை 2005-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2018 ஆகஸ்ட் 30 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்தின் அரசுப் பணியில் அந்தத் தகுதியைக் கோர முடியாது என்றது. தலைநகர் டெல்லியில் அகில இந்திய அளவிலான ஒதுக்கீடு செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே ஒவ்வொரு அறிவிப்பிலும் ஒதுக்கீடு யாருக்கு, எந்த அலுவலர் கொடுத்த சான்றிதழ் செல்லும் என்ற பத்தியை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

எல்லை தாண்டி வந்த நம் மருமகள்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ரயில்வே, அஞ்சல், வங்கி, எஸ்.எஸ்.சி. போன்ற மத்தியப் பணிகளுக்கு உங்கள் தமிழ்நாட்டுச் சான்றிதழ் அப்படியே செல்லும். புதுச்சேரி அரசுப் பணிக் கதவு இறுகியிருக்கிறது என்பதற்காகப் படிப்பையே மூட்டை கட்டி வைத்துவிடாதீர்கள்.

மதம்

அண்மைக் காலத்தில் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஒரு தீர்ப்பு நம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வேலை விண்ணப்பத்திலிருந்து எழுந்தது. யு.டி.சி. எனப்படும் மேல்நிலை எழுத்தர் பணிக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தவர் அவர். அப்பா வள்ளுவர், அம்மா கிறிஸ்தவர். படித்த காலத்தில் தன்னைப் பட்டியல் சாதியாகவே நடத்தினார்கள், அப்பாவுக்கும் சகோதரருக்கும் அந்தச் சான்றிதழ் இருக்கிறது என்பது அவர் வாதம். அதிகாரிகளின் விசாரணையில் அவர் குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றது பதிவேட்டில் இருந்தது. சான்றிதழ் மறுக்கப்பட்டது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பங்கஜ் மித்தல், ஆர். மகாதேவன் அமர்வும் மேல்முறையீட்டைத் தள்ளியது. அவர் தொடர்ந்து தேவாலயம் சென்று கிறிஸ்தவ நம்பிக்கையைப் பின்பற்றி வருகிறார், உண்மையான நம்பிக்கை இல்லாமல் ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது, அது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றது தீர்ப்பு.

அந்தச் சொல் நமக்கு வலிக்கிறது. வில்லியனூர் மாதா கோவில் 1877-இலிருந்து இருக்கிறது. அந்தத் தேரையும் பார்த்து, திருக்காமீஸ்வரர் தேரையும் பார்த்து வாழ்கிற குடும்பங்கள் நம் தெருக்களில் எத்தனையோ உண்டு. ஞானஸ்நானம் பெற்ற வீட்டுக்கும் பெறாத வீட்டுக்கும் ஊர்த்தெருவில் கிடைக்கிற மரியாதை ஒன்றுதான். மதம் மாறியதால் சேரி மாறிவிடவில்லை. ஆனால் சட்டம் இன்றைக்கு இப்படித்தான் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஆணை இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். இதை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது.

நம் நிலைப்பாடு இதுதான். அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி வீதியிலும் மன்றத்திலும் போராடுவோம். படிவத்தின் மதக் கட்டத்தில் பொய் எழுதி அதை வெல்ல முடியாது. பொய் தெரிந்தால் பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் வேலை போகும். உண்மையாகவே தாய் மதத்துக்குத் திரும்பியவர்களுக்கு வழி இருக்கிறது. முன்னோரின் சாதிக்குச் சான்று, திரும்பியதற்குச் சான்று, அந்தச் சமூகத்தார் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. இந்தத் தாள்களை வேலை அறிவிப்புக்கு முன்பே உண்டாக்கி வைத்திருக்க வேண்டும்.

வழக்கு

தேர் எந்தத் தெருவில் வர வேண்டும், பிணத்தை எந்த வழியில் கொண்டுபோக வேண்டும், பேனரை எங்கே கட்ட வேண்டும் என்பதில் தொடங்கும் தகராறில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையில் படித்த பையன்களின் பெயர் முன்னால் வரும். இரண்டு வருடம் கழித்து அவன் வேலைக்குத் தேர்வாகும்போது சரிபார்ப்புப் படிவம் கேட்கும்: நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, உங்கள் மீது வழக்கு நடந்ததா, நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்தீர்களா? வழக்குதான் தள்ளுபடி ஆகிவிட்டதே என்று அவன் இல்லை என்று எழுதுவான். அங்கேதான் விழுகிறான்.

அவதார் சிங் வழக்கில் 2016 ஜூலை 21 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதைத் தெளிவாக்கியது. கேட்ட தகவலை உண்மையாகச் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. இளம் வயதில் முழக்கமிட்டது போன்ற சிறிய வழக்கென்றால், மறைத்திருந்தாலும் அதிகாரி அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்ன பிறகும் அவர் பொருத்தமானவரா என்று பரிசீலிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. அதாவது, உண்மையைச் சொன்னால் வேலை நிச்சயம் என்று இல்லை. ஆனால் மறைத்தால் வழக்கைவிட மறைத்தது பெரிய குற்றமாகிவிடும்.

ஆகவே முதல் தகவல் அறிக்கையின் நகல், குற்றப்பத்திரிகை, விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பழைய சட்டத்தில் 107, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 126-ஆவது பிரிவின் கீழ் எழுதிக் கொடுத்த பிணையும் கணக்கில் வரும். இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்பிவிட்டார், அது வழக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்த் தகராறில் முன்னால் நிற்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நியாயத்துக்காக நிற்போம், நிற்கத்தான் வேண்டும். சமரசம் பேசும்போது, படிக்கிற பிள்ளைகள் பெயரில் உள்ள வழக்கை எழுத்துப்படி முடித்துத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

சலுகையை அறிந்து கேட்போம்

பட்டியல் சாதி என்று கட்டத்தில் குறிப்பதால் பொதுப் பிரிவு இடம் கிடைக்காமல் போகும் என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. மத்திய அரசு விதிப்படி, வயது, தகுதி, எழுதும் வாய்ப்பு ஆகியவற்றில் எந்தத் தளர்வும் வாங்காமல் பொதுப் பிரிவுக்கான மதிப்பெண்ணை எடுத்தால் பொது இடத்திலேயே சேர்க்கப்படுவீர்கள். ஒதுக்கீட்டு இடம் இன்னொரு தம்பிக்கோ தங்கைக்கோ போகும். வயதுத் தளர்வைப் பயன்படுத்தியிருந்தால் ஒதுக்கீட்டு இடத்தில்தான் வைப்பார்கள். 2017-இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. எனவே இருபத்தைந்து வயதுக்குள் எழுதுவதற்கும் முப்பது வயதில் எழுதுவதற்கும் வேறுபாடு இருக்கிறது. ஐந்து வருட வயதுத் தளர்வு நம் உரிமை. தேவைப்படும்போது தயங்காமல் பயன்படுத்துவோம், அதற்காகக் காலத்தைத் தள்ளிப்போட வேண்டாம். யு.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி. தேர்வுகளுக்கு நமக்குக் கட்டணம் கிடையாது. சென்டரில் யாராவது தேர்வுக் கட்டணம் என்று வாங்கினால் ரசீது கேளுங்கள்.

ரெஸ்யூம் எப்போது தேவை?

புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் ஆய்வுத் திட்டப் பணி, ஒப்பந்தப் பணி ஆகியவற்றுக்குப் பயோடேட்டா கேட்பார்கள். அதற்கு இரண்டு பக்கம் போதும், வண்ணம் வேண்டாம். முதலில் விளம்பர எண்ணும் பணியின் பெயரும். பிறகு பெயர், பிறந்த தேதி, முகவரி, கைபேசி எண். அடுத்து கல்வியை ஒரு கட்டமாகப் போட்டுப் பட்டம், நிறுவனம், ஆண்டு, விழுக்காடு. கிரேடு மட்டும் இருந்தால் பல்கலைக்கழக விதிப்படி விழுக்காடாக மாற்றி எழுதுங்கள். பிறகு அனுபவம்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை, சான்று உண்டா. கடைசியில் இணைப்புப் பட்டியல், உறுதிமொழி, கையெழுத்து.

கடின உழைப்பாளி என்று எழுத வேண்டாம். காலையில் அப்பாவோடு வயலுக்குப் போய்விட்டு மாலையில் இருபது பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளியில் பாடம் எடுத்திருந்தால், எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு என்று எழுதுங்கள். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்த்தபடி பட்டம் முடித்திருந்தால் இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். நம் பிள்ளைகள் இதையெல்லாம் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். விளம்பரம் கேட்ட தகுதி எதுவோ அதற்கான சான்று முதல் பக்கத்திலேயே கண்ணில் பட வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

இவ்வளவையும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை. புதுச்சேரியில் 2018-இல் அறிவித்த காவலர் தேர்வு 2022-இல்தான் முடிந்தது. அறிவிப்புக்கும் தேர்வுக்கும் நான்கு வருடம் என்றால் ஏழை வீட்டுப் பிள்ளை எப்படிக் காத்திருப்பான்? ஒவ்வோர் ஆண்டும் தேர்வு அட்டவணை வெளியிட வேண்டும். கல்வியாண்டு முடிவதற்குள் தாசில்தார் அலுவலகங்கள் கொம்யூன் தோறும் சாதி, குடியிருப்புச் சான்றிதழ் முகாம் நடத்த வேண்டும். சான்றிதழை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு எங்கே போக வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிட வேண்டும். வாய்வார்த்தையில் திருப்பி அனுப்பினால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, உங்கள் விண்ணப்பத்தின் மீது என்ன முடிவு எடுத்தார்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை.

அந்தத் தங்கையிடம் மூன்று பக்க ரெஸ்யூமை மடித்து வைக்கச் சொன்னோம். வெள்ளைத்தாளில் ஒரு பட்டியல் எழுதினோம். ஆதாரில் பெயர் திருத்தம். சாதிச் சான்றிதழுக்கு மத்திய அரசு மாதிரியில் ஒரு நகல். அப்பா வழித் தாத்தாவின் குடியிருப்புக்குப் பழைய நிலவரி ரசீதோ குடும்ப அட்டையோ. அண்ணன் வழக்கின் தீர்ப்பு நகல். அது அவளுக்கு அல்ல, அடுத்து எழுதப்போகும் அண்ணனுக்கு. திங்கட்கிழமை காலை அம்மாவோடு தாலுகா அலுவலகம் போவதாகச் சொன்னாள். வேலை அறிவிப்பு இன்னும் வரவில்லை. இந்த வேலையைச் செய்ய அதுதான் நல்ல நேரம்.